உறையும் எண்ணெயும் உறையாத செல் சவ்வும்: கொழுப்பின் கலவை பற்றி ஓர் அறிமுகம்

கடலூரிலும் புதுச்சேரியிலும் மார்கழி, தை மாத விடியலில் வெப்பநிலை 20, 21 டிகிரி செல்சியஸ் வரை இறங்குவதுண்டு. அந்த வேளையில் அடுப்படியில் இருக்கும் தேங்காய் எண்ணெய் வெள்ளையாக இறுகிப்போயிருக்கும். அதன் பக்கத்திலேயே இருக்கும் மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெயோ எப்போதும்போல் ஊற்றும் பதத்தில் இருக்கும். இரண்டும் கொழுப்புதான், இரண்டும் பட்ட குளிரும் ஒன்றுதான். ஆனாலும் ஒன்று உறைகிறது, மற்றொன்று உறைவதில்லை. அவற்றில் அடங்கியுள்ள கொழுப்பு அமிலங்களின் வடிவமே இதற்குக் காரணம். நம் உடலிலுள்ள ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருக்கும் மெல்லிய சவ்வும் கொழுப்பையே அடித்தளமாகக் கொண்டது என்பதால், எந்தக் கொழுப்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து அதுவும் இறுகும், இளகும். ஒரு பெரிய வேறுபாடு மட்டும் உண்டு: குளிர் வந்தால் எண்ணெய்ப் புட்டியால் ஒன்றும் செய்ய இயலாது, செல்லோ தன் கொழுப்புக் கலவையையே மாற்றிக்கொண்டு சவ்வின் இளக்கத்தைக் காப்பாற்றிக்கொள்ளும்.

செல் சவ்வின் தடிமன் ஏறத்தாழ 5 முதல் 8 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர் என்பதிலிருந்து இது எவ்வளவு மெல்லியது என்று ஊகித்துக்கொள்ளலாம். இந்தச் சவ்வில் மிகுதியாக இருப்பவை பாஸ்போலிப்பிடுகள் எனப்படும் மூலக்கூறுகள். ஒவ்வொன்றுக்கும் பாஸ்பேட் அடங்கிய தலை ஒன்றும், கொழுப்பு அமிலங்களாலான வால்கள் இரண்டும் உண்டு. தலை நீரை விரும்பும், வால்கள் நீரை வெறுக்கும். செல்லின் உள்ளேயும் நீர், வெளியேயும் நீர் என்ற நிலையில், இம்மூலக்கூறுகள் வால்களை ஒன்றையொன்று நோக்கி உட்புறமாக மறைத்துக்கொண்டு, தலைகளை இருபுறமும் நீரின் பக்கம் நீட்டியவாறு இரண்டு அடுக்குகளாக அமைகின்றன. சவ்வில் இரண்டு அடுக்குகள் உள்ளன என்பதை 1925-ஆம் ஆண்டிலேயே நெதர்லாந்தின் லைடன் நகரில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் கணித்துவிட்டனர். சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து நீரின் மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பியபோது, அது அணுக்களின் மொத்தப் பரப்பளவைப் போல் இருமடங்கு இடத்தை நிரப்பியது. அவர்கள் கொழுப்பை முழுமையாகப் பிரித்தெடுக்கவில்லை என்பதும், அணுக்களின் பரப்பளவையும் குறைத்தே மதிப்பிட்டிருந்தனர் என்பதும் பின்னாளில் தெரியவந்தன. இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்ததால் விடை மட்டும் சரியாக அமைந்தது. அறிவியல் வரலாற்றில் இப்படிப்பட்ட நற்பேறும் சில வேளைகளில் வாய்க்கிறது.

இந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று வேதிப்பிணைப்பால் கட்டப்பட்டவை அல்ல என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நீரைத் தவிர்க்கும் இயல்பும், வால்களுக்கிடையே உள்ள மிக மெல்லிய ஈர்ப்பும்தான் அவற்றைச் சேர்த்து வைத்திருக்கின்றன. எனவே அவை ஓரிடத்தில் நிற்பதில்லை. இளகிய சவ்வில் ஒரு பாஸ்போலிப்பிடு தன் பக்கத்து மூலக்கூறுடன் நொடிக்கு ஏறத்தாழ ஒரு கோடி முறை இடம் மாற்றிக்கொள்கிறது. ஒரு பாக்டீரியத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போக அதற்கு ஒரு நொடி போதும். ஆனால் ஓர் அடுக்கிலிருந்து மற்றோர் அடுக்குக்குக் குப்புறப் புரள்வது மட்டும் மிக அரிது. நீரை விரும்பும் தலை, நீரில்லாத நடுப்பகுதியைக் கடந்தாக வேண்டும் என்பதால், புரதங்களின் துணை இல்லாவிட்டால் அதற்கு மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ ஆகிவிடும்.

சவ்விலுள்ள புரதங்களும் இவ்வாறே நகர்கின்றன என்பதை 1970-இல் ஃபிரை, எடிடின் ஆகிய இருவரும் ஓர் அழகான சோதனையால் காட்டினர். மனிதச் செல்லையும் சுண்டெலிச் செல்லையும் ஒன்றாக இணைத்து, இரண்டின் சவ்வுப் புரதங்களுக்கும் வெவ்வேறு நிறத்தில் ஒளிரும் அடையாளமிட்டுக் கவனித்தார்கள். தொடக்கத்தில் பாதி ஒரு நிறமும் பாதி இன்னொரு நிறமுமாக இருந்த இணைந்த செல்லில், 37 டிகிரி வெப்பநிலையில் சுமார் 40 நிமிடங்களுக்குள் இரு நிறங்களும் முழுக்கக் கலந்துவிட்டன. 15 டிகிரிக்குக் கீழே குளிர்வித்தபோது அந்தக் கலப்பு பெரும்பாலும் நின்றுபோனது. இரண்டு ஆண்டுகள் கழித்து சிங்கரும் நிக்கல்சனும் வெளியிட்ட, இன்று மேல்நிலைப் பாடநூல்களில் படிக்கும் பாய்மத் திட்டு மாதிரி (இளகிய கொழுப்பு ஈரடுக்கில் புரதங்கள் மிதந்து நகர்கின்றன என்ற விளக்கம்), இத்தகைய சான்றுகளின் மேல் எழுந்ததே.

சவ்வுக்குள் மூலக்கூறுகள் எவ்வளவு எளிதாக நகர்கின்றன, வால்கள் எவ்வளவு தாராளமாக அசைகின்றன என்பதையே பாய்மத்தன்மை என்கிறோம். வால்கள் நிமிர்ந்து நெருக்கமாக அடுக்கப்பட்டு ஏறக்குறைய அசைவற்றிருக்கும் நிலை இறுகிய நிலை. அவை வளைந்து நெளிந்து அசையும் நிலை இளகிய நிலை. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் சவ்வு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும். அதனை நிலைமாற்ற வெப்பநிலை எனலாம். செல்லுக்கு இரு எல்லைகளும் ஆகா. மிகவும் இறுகினால், உருமாறி வேலை செய்ய வேண்டிய கடத்திப் புரதங்களும் ஏற்பிகளும் முடங்கும், செல் பிளவுபடுவதும் தடைபடும். மிகவும் இளகினால், உள்ளே இருக்க வேண்டிய அயனிகள் வெளியே கசியும். அவற்றை மறுபடி உள்ளே இழுக்கச் செல் தன் ஆற்றலை வீணாக்க நேரும்.

இனி கொழுப்பு அமிலங்களின் வடிவத்துக்கு வருவோம். கொழுப்பு அமிலம் என்பது கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த ஒரு சங்கிலி. எல்லாக் கார்பன்களும் ஒற்றைப் பிணைப்பால் இணைந்து, இயன்ற அளவுக்கு ஹைட்ரஜனை ஏற்றிருந்தால் அது நிறைவுற்ற கொழுப்பு அமிலம். சங்கிலியில் எங்கேனும் இரட்டைப் பிணைப்பு இருந்தால் அது நிறைவுறாக் கொழுப்பு அமிலம். உயிரினங்களில் இந்த இரட்டைப் பிணைப்பு பெரும்பாலும் சிஸ் என்ற அமைப்பில் இருக்கும். அதாவது அந்த இடத்தில் சங்கிலி ஒடிந்ததுபோல் வளையும். நேரான சங்கிலிகள் நெருக்கமாக ஒட்டி அடுங்கும். வளைந்தவற்றுக்கு இடைவெளி தேவைப்படும். ஒட்டி அடுங்கியவற்றைப் பிரிக்க அதிக வெப்பம் வேண்டும் என்பதால் உருகுநிலை உயர்கிறது. 18 கார்பன்கள் கொண்ட ஸ்டியரிக் அமிலம் நிறைவுற்றது. அதன் உருகுநிலை ஏறத்தாழ 69 டிகிரி. அதே 18 கார்பன்களுடன் ஒரே ஓர் இரட்டைப் பிணைப்பு கொண்ட ஒலியிக் அமிலம் 13 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. இரண்டு இரட்டைப் பிணைப்புகள் கொண்ட லினோலியிக் அமிலத்தின் உருகுநிலை சுழிக்கும் கீழே, −5 டிகிரி. முதல் இரட்டைப் பிணைப்பு ஐம்பது டிகிரிக்கு மேல் குறைத்துவிடுகிறது, இரண்டாவதோ இருபதுக்கும் குறைவாகவே குறைக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். நேரான சங்கிலியில் விழும் முதல் வளைவுதான் அடுக்கைப் பெரிதும் குலைக்கிறது. மல்லாட்டை எண்ணெயில் ஒலியிக், லினோலியிக் அமிலங்களே மிகுதி என்பதால்தான் மார்கழிக் குளிர் அதனை ஒன்றும் செய்வதில்லை.

இரட்டைப் பிணைப்பு இருந்தாலே போதாது, அது வளைவை உண்டாக்க வேண்டும் என்பதற்கு டிரான்ஸ் கொழுப்பு நல்ல சான்று. ஒலியிக் அமிலத்தின் அதே அணுக்களைக் கொண்டு, இரட்டைப் பிணைப்பு மட்டும் டிரான்ஸ் அமைப்பில் இருக்கும் எலைடிக் அமிலம் ஏறக்குறைய நேராக நிற்கிறது. அதன் உருகுநிலை 45 டிகிரியை ஒட்டியது. தாவர எண்ணெயில் ஓரளவு மட்டும் ஹைட்ரஜன் ஏற்றி வனஸ்பதி தயாரிக்கும்போது இவ்வகைக் கொழுப்பு உருவாகிறது. இந்தியாவில் 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்பு வகைகளில் இது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு என்கிறார்கள். அப்படியானால் அது சித்திரை வெயிலிலும் கட்டியாகவே இருக்க வேண்டாமா? ஆனால் அது 24 டிகிரியை ஒட்டியே உருகிவிடுகிறது. இதற்கு விடை சங்கிலியின் நீளத்தில் உள்ளது. தேங்காய் எண்ணெயின் ஏறக்குறையப் பாதி, 12 கார்பன்கள் மட்டுமே கொண்ட லாரிக் அமிலம். சங்கிலி குட்டையாக இருந்தால் பக்கத்துச் சங்கிலியைத் தொட்டுக்கொண்டிருக்கும் நீளமும் குறைவு, ஆகவே ஈர்ப்பும் குறைவு. லாரிக் அமிலம் 44 டிகிரியில் உருகுகிறது, 16 கார்பன்கள் கொண்ட பால்மிட்டிக் அமிலமோ 63 டிகிரியில். எனவே பாய்மத்தன்மையைப் பற்றிப் பேசும்போது நிறைவுற்றதா நிறைவுறாததா என்று மட்டும் கேட்டால் பாதி விடைதான் கிடைக்கும். எத்தனை கார்பன்கள் என்றும் கேட்டாக வேண்டும்.

எண்ணெய் உதாரணத்தை இதற்கு மேல் இழுப்பது சரியாகாது. எண்ணெய் என்பது டிரைகிளிசரைடு, அதாவது மூன்று கொழுப்பு அமில வால்கள் ஒன்றாக இணைந்த மூலக்கூறு. அதற்கு நீரை விரும்பும் தலை இல்லாததால் ஈரடுக்காக அமையாது. ஆனால் வால்கள் நடந்துகொள்ளும் விதம் சவ்விலும் இதுவே என்பதை ஆய்வகத்தில் ஒரே வகைப் பாஸ்போலிப்பிடால் செய்த செயற்கைச் சவ்வுகள் காட்டுகின்றன. இரு வால்களும் 14 கார்பன்கள் கொண்ட நிறைவுற்றவையாக இருந்தால், அந்தச் சவ்வு ஏறத்தாழ 24 டிகிரியில் இளகுகிறது. 16 கார்பன்களானால் 41 டிகிரி, 18 கார்பன்களானால் 55 டிகிரி. அந்த 18 கார்பன் வால்கள் இரண்டையும் ஒலியிக் அமிலமாக மாற்றிவிட்டால் நிலைமாற்ற வெப்பநிலை சுழிக்கும் கீழே போய்விடுகிறது. நம் செல்களிலுள்ள பாஸ்போலிப்பிடுகளில் பெரும்பாலும் ஒரு வால் நிறைவுற்றதாகவும் மற்றொன்று நிறைவுறாததாகவும் இருக்கிறது. 37 டிகிரியில் இளக்கமும் வேண்டும், கட்டுக்கோப்பும் வேண்டும் என்ற தேவைக்கு இந்தச் சேர்க்கை வெகுவாகப் பொருந்துகிறது.

தலையின் வகையும் கணக்கில் வரும், எனினும் அதனைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பாஸ்பாட்டிடைல்கோலின் என்ற பாஸ்போலிப்பிடின் தலை பெரியது. பாஸ்பாட்டிடைல்எத்தனாலமின் என்பதன் தலை சிறியது, அது பக்கத்துத் தலைகளுடன் ஹைட்ரஜன் பிணைப்பும் ஏற்படுத்திக்கொள்கிறது. ஆகவே வால்கள் ஒரே மாதிரி இருந்தாலும் இரண்டாவது வகை நெருக்கமாக அடுங்கி, இருபது டிகிரிக்கும் அதிகமான வெப்பநிலை உயர்வுக்குப் பிறகே இளகுகிறது.

கொலஸ்ட்ரால்தான் இந்தப் பாடத்தில் மாணவர்களை மிகவும் குழப்பும் பகுதி. விலங்குச் செல்களின் வெளிச் சவ்வில் அது ஏராளமாக இருக்கிறது. சில செல்களில் ஒரு பாஸ்போலிப்பிடுக்கு ஒரு கொலஸ்ட்ரால் என்று சொல்லும் அளவுக்கு நெருங்குகிறது. அதன் உடல் நான்கு வளையங்கள் ஒட்டிய, வளையாத ஒரு தட்டை அமைப்பு. அதன் ஒரு முனையிலுள்ள சிறிய ஹைட்ராக்சில் தொகுதி பாஸ்போலிப்பிடின் தலையருகே நின்றுகொள்ள, வளையங்கள் வால்களின் மேற்பகுதிக்கு இடையே செருகிக்கொள்கின்றன. சூடான, இளகிய சவ்வில் இந்த வளையாத உடல் பக்கத்திலுள்ள வால்களின் அசைவைக் கட்டுப்படுத்தி அவற்றை நிமிர்த்துகிறது. சவ்வு உறுதியாகிறது, கசிவு குறைகிறது. குளிர்ந்து இறுக முற்படும் சவ்விலோ அதே உடல் வால்களுக்கு நடுவே புகுந்து அவை ஒழுங்காக அடுங்குவதைத் தடுக்கிறது; எனவே சவ்வு முழுக்க உறைவதில்லை. கொலஸ்ட்ரால் மிகுதியாக இருக்கும்போது இறுகிய நிலை, இளகிய நிலை என்ற கூர்மையான பிரிவே மறைந்து, வால்கள் நிமிர்ந்திருந்தாலும் மூலக்கூறுகள் பக்கவாட்டில் நகரக்கூடிய ஓர் இடைநிலை தோன்றுகிறது.

கொலஸ்ட்ரால் இரு பக்கமும் சமமாக வேலை செய்யும் ஒரு சீராக்கி என்று பாடக் குறிப்புகளில் எழுதுவது தவறில்லை. ஆனால் அந்த வரி சற்று அதிகமாகவே எளிமைப்படுத்தப்பட்டது என்பது என் கருத்து. நம் உடல் எப்போதும் 37 டிகிரியில் இருக்கிறது. அந்த வெப்பநிலையில் நம் சவ்வுக் கொழுப்புகள் ஏற்கெனவே இளகியவைதான். எனவே மனிதச் செல்லில் கொலஸ்ட்ரால் அன்றாடம் செய்யும் பெரிய வேலை, சவ்வை உறுதிப்படுத்திக் கசிவைக் குறைப்பதே. ஒரே செல்லுக்குள்ளும் இதன் அளவு ஒன்றுபோல் இல்லை: வெளியுலகை எதிர்கொள்ளும் வெளிச் சவ்வில் அது மிகுதி, மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் மிகக் குறைவு. இரத்தப் பரிசோதனைச் சீட்டில் வரும் கொலஸ்ட்ரால் எண், இரத்தத்தில் புரதங்களோடு சேர்ந்து பயணிக்கும் கொலஸ்ட்ராலைக் குறிக்கிறது. அந்த எண்ணை வைத்துச் செல் சவ்வுகள் இறுகிவிட்டன என்று முடிவுகட்ட இயலாது.

வெப்பநிலை மாறும்போது செல் என்ன செய்கிறது என்பதே எனக்கு இப்பொருளில் மிகவும் வியப்பூட்டும் இடம். 1974-இல் மைக்கேல் சினென்ஸ்கி, எஸ்செரிச்சியா கோலை பாக்டீரியாவை வெவ்வேறு வெப்பநிலைகளில் வளர்த்து, அவற்றின் சவ்வுக் கொழுப்பு எவ்வளவு இளக்கமாக இருக்கிறது என்று அளந்தார். குளிரில் வளர்ந்தவை நிறைவுறாக் கொழுப்பை அதிகமாகவும், வெப்பத்தில் வளர்ந்தவை நிறைவுற்றதை அதிகமாகவும் சேர்த்திருந்தன. இதன் விளைவாக, ஒவ்வொன்றும் தான் வளர்ந்த வெப்பநிலையில் ஏறக்குறைய ஒரே அளவு இளக்கத்தோடு இருந்தது. கலவை மாறிக்கொண்டே இருக்கிறது, இளக்கம் மாறாமல் நிற்கிறது. குளிரைச் செல் எப்படி உணர்கிறது என்ற கேள்விக்கு, பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற மண் பாக்டீரியத்தில் தெளிவான விடை கிடைத்திருக்கிறது. அதன் சவ்வில் டெஸ்-கே என்ற உணர்விப் புரதம் பதிந்துள்ளது. குளிரில் வால்கள் நிமிர்வதால் சவ்வு சற்றே தடிக்கிறது. அந்தத் தடிப்பு புரதத்தின் உருவத்தை மாற்ற, இரட்டைப் பிணைப்பை உண்டாக்கும் டிசாச்சுரேஸ் நொதியைத் தயாரிக்கும் மரபணு விழித்துக்கொள்கிறது. சவ்வின் நிலையைச் சவ்வே அளந்து சொல்கிறது என்றால் மிகையாகாது.

மீன்கள் இதே உத்தியைக் கையாளுகின்றன. கடலூர்த் துறைமுகத்தில் வந்திறங்கும் மீன்கள் வாழும் கடலின் மேல்நீர் ஆண்டு முழுவதும் பெரும்பாலும் 26 முதல் 30 டிகிரி வெப்பத்தில் இருக்கிறது. அண்டார்டிகாவைச் சூழ்ந்த கடலிலோ நீர் −1.9 டிகிரி வரை குளிர்ந்திருக்க, அங்கும் மீன்கள் நீந்துகின்றன. மீனின் உடல் வெப்பநிலை பெரும்பாலும் நீரின் வெப்பநிலைதான். துருவ மீன்களின் சவ்வில் பல இரட்டைப் பிணைப்புகள் கொண்ட கொழுப்பு அமிலங்கள் வெப்பக் கடல் மீன்களைவிட அதிகம். அதனால்தான் அந்தக் குளிரிலும் அவற்றின் நரம்பும் தசையும் இயங்குகின்றன. இது பிறப்பிலேயே வந்த வேறுபாடு மட்டுமன்று. கெண்டை மீன்களை 30 டிகிரி நீரிலிருந்து படிப்படியாக 10 டிகிரிக்குக் குளிர்வித்த சோதனையில், சில நாட்களுக்குள் அவற்றின் கல்லீரலில் டிசாச்சுரேஸ் நொதியின் செயல் உயர்ந்து, சவ்வில் நிறைவுறாக் கொழுப்பு கூடியது. இந்த ஈடுசெய்தல் எல்லா உயிரினங்களிலும் முழுமையானதன்று. பல உயிரினங்களில் அது ஓரளவோடு நின்றுவிடுகிறது.

இதைப் படித்ததும், மத்தியும் காணாங்கெளுத்தியும் தின்றால் நம் செல்களும் அப்படியே இளகுமா என்று கேட்கத் தோன்றும். உணவிலுள்ள கொழுப்பு அமிலங்கள் ஓரளவு நம் சவ்வுகளில் சேர்வது உண்மை. மூளையிலும் விழித்திரையிலும் மிகுதியாக உள்ள டி.எச்.ஏ. என்ற ஆறு இரட்டைப் பிணைப்புகள் கொண்ட அமிலம் இம்மீன்களில் கிடைக்கிறது. ஆனால் உடல் தன் பங்குக்குக் கொலஸ்ட்ராலையும் மற்றக் கொழுப்புகளையும் சரிசெய்து இளக்கத்தை ஓர் எல்லைக்குள் வைத்துக்கொள்ளும். இன்ன எண்ணெய் செல்லை இறுக்கும், இன்ன எண்ணெய் இளக்கும் என்று கைப்பேசியில் வலம்வரும் செய்திகள் இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுகின்றன.

தாவரங்களால் இடம்பெயர இயலாது என்பதால் அவற்றுக்கு இந்தச் சிக்கல் இன்னும் கடுமையானது. வாழைப்பழத்தைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் தோல் கறுப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். பண்ருட்டிப் பலாவும் கடுங்குளிரில் கெடும் வகைதான். சுமார் 13 டிகிரிக்குக் கீழே வாழைத்தோலின் செல் சவ்வுகள் சேதமடைந்து கசியத் தொடங்குகின்றன. தனித்தனி அறைகளில் இருந்த பீனால் சேர்மங்களும் அவற்றை நிறம் மாற்றும் நொதிகளும் சந்தித்துக்கொள்ள, கறுப்பு படர்கிறது. குளிர்ச் சேதத்துக்குச் சவ்வுக் கொழுப்பு எந்த அளவுக்குப் பொறுப்பு என்பது நெடுநாள் விவாதப் பொருளாக இருந்தது. 1992-இல் ஜப்பானைச் சேர்ந்த நோரியோ முராத்தாவின் குழு, புகையிலைச் செடியின் பசுங்கணிகச் சவ்விலுள்ள ஒரே ஒரு பாஸ்போலிப்பிடு வகையின் நிறைவுற்ற தன்மையை மரபணு மாற்றத்தால் கூட்டியும் குறைத்தும் பார்த்தது. கூட்டிய செடி குளிருக்கு எளிதில் வாடியது. குறைத்த செடி முன்னைவிட நன்றாகத் தாங்கியது.

ஒவ்வோர் உயிரினக் குழுவும் கொலஸ்ட்ராலின் இடத்தில் தனக்கென ஒன்றை வைத்திருப்பதும் மருத்துவத்துக்குப் பயன்பட்டிருக்கிறது. தாவரங்களில் சிட்டோஸ்டிரால் போன்றவை, பூஞ்சைகளில் எர்கோஸ்டிரால். 2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலையின்போது கறுப்புப் பூஞ்சை நோய் பரவி, நாடெங்கும் தட்டுப்பாடு ஏற்பட்ட ஆம்போடெரிசின்-பி என்ற மருந்து, கொலஸ்ட்ராலைவிட எர்கோஸ்டிராலையே இறுகப் பற்றுகிறது. பூஞ்சையின் சவ்வு அதனால் சிதைகிறது. நம் கொலஸ்ட்ராலையும் அது கொஞ்சம் தொடுவதால் சிறுநீரகம் பாதிக்கப்படும் ஆபத்து உண்டு. அதனைக் குறைக்க, மருந்தை 100 நானோமீட்டருக்கும் சிறிய கொழுப்பு உருண்டைகளான லிப்போசோம்களுக்குள் பொதிந்து தருகிறார்கள். அந்த உருண்டை இரத்தத்தில் ஓடும்போது வழியில் இளகி மருந்தைக் கசியவிடக்கூடாது. ஆகவே சோயாவிலிருந்து எடுத்த பாஸ்போலிப்பிடில் முழுக்க ஹைட்ரஜன் ஏற்றி எல்லா வால்களையும் நேராக்கி, அவற்றின் நிலைமாற்ற வெப்பநிலையை 50 டிகிரிக்கு மேல் உயர்த்தி, அதனுடன் கொலஸ்ட்ராலையும் சேர்த்து அதன் சுவரை அமைக்கிறார்கள். 37 டிகிரி உடலுக்குள் அந்தச் சுவர் இறுக்கம் குலையாமல் பயணிக்கிறது.